டொமினிக் கேட்ட பாதிச் சொல்

டொமினிக்குக்குப் பின்லாந்து பாஷை தெரியும் என்பதைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் முதலில் யாரும் நம்பவில்லை. வார்டில் தரை கழுவி, கட்டில் துணி மாற்றி, நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிவிடுகிற அட்டெண்டன் அவர். அப்படி ஒரு தேசம் இருப்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. “அண்ணே, அந்தப் பாஷையில ரெண்டு வார்த்தை விடுங்களேன்” என்று கூட வேலை பார்த்த அய்யாவு கேட்பான். “லெய்ப்பா, வெசி, கஹ்வி” என்பார் டொமினிக். ரொட்டி, தண்ணீர், காப்பி. அய்யாவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அந்தப் பாஷை அவருக்குச் சமையற்கட்டு வழியாக வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர், சீக்கிரமே மார்பு கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். டொமினிக்கின் படிப்பு பாதியில் நின்றது. ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டை முடிந்த சமயம், சாலாக் செலாத்தான் பக்கம் ஓர் ஈயலம்பத்துக்கு, ஈயம் தோண்டுகிற சுரங்கத்துக்கு, இயந்திரம் பார்க்க ஒரு துரை வந்தார். பெயர் ஹெய்க்கிலா. அவர் பங்களாவில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றதும் மாதா கோயில் சாமியார் டொமினிக்கைக் கைகாட்டிவிட்டார்.

துரைக்கு இங்கிலீஷ் வரும். துரைசாணிக்கு அதில் ஒரு சொல்லும் வராது, கற்றுக்கொள்ளவும் அவளுக்கு மனம் இல்லை. பகலெல்லாம் துரை லம்பத்தில் கிடப்பார். பங்களாவில் அவளும் டொமினிக்கும் இரண்டு நாய்களும்தான். உப்பு வேண்டும் என்றாலும் அவள் பாஷையில்தான் கேட்பாள். அதனால் அவர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இங்கிலீஷை விட அது அவருக்கு லேசாக ஒட்டியது. வீடு, வீட்டில், வீட்டிலிருந்து என்று நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டவைக்கிற மாதிரியே அவர்களும் வாலில் ஒட்டவைக்கிறார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு வாலை மட்டும் மாற்றினால் போதும். வாலை மறந்தால்தான் வம்பு.

அந்த வம்பு ஒருநாள் நாய்களால் வந்தது. சமையற்கட்டுக்குப் பின்னால் இரண்டும் கட்டிப் புரண்டு கடித்துக்கொண்டு கிடந்தன. டொமினிக் ஓடிப்போய்த் துரைசாணியிடம், “கொய்ரா புரே தொய்ஸ்தா!” என்று கத்தினார். நாய்கள் கடித்துக்கொள்கின்றன என்று சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. அவளோ நேராகப் போய்க் கறுப்பு நாயின் காதைத் திருகி, இரண்டு அடி வைத்து, தூணில் கட்டிப் போட்டாள். அது பழைய சண்டைக்காரன். பிறகு மருந்து போடக் குனிந்து பார்த்தால் கறுப்பு நாய்க்கும் காது கிழிந்து ரத்தம், செவலை நாய்க்கும் கழுத்தில் ரத்தம்.

அவள் டொமினிக்கை அழைத்துப் படியில் உட்காரவைத்தாள். வலது கையால் இடது கையைத் தட்டிக் காட்டி, “தொய்ஸ்தா” என்றாள். ஒன்று மற்றதை அடிக்கிறது. பிறகு இரண்டு கைகளையும் மாற்றி மாற்றித் தட்டி, “தொய்சியான்” என்றாள். ஒன்றை ஒன்று அடிக்கிறது. பிறகு தன் கன்னத்திலேயே ஒன்று போட்டுக்கொண்டு வேறொரு சொல் சொன்னாள். தன்னையே அடித்துக்கொள்வது. டொமினிக்குக்குச் சிரிப்பும் வந்தது, குழப்பமும் வந்தது. நமக்கு அடித்துக்கொண்டான் என்றாலும் ‘கொண்டான்’தான், அடித்துக்கொண்டார்கள் என்றாலும் ‘கொண்டார்கள்’தான். தன்னையா, ஒருத்தரை ஒருத்தரா என்பது கேட்கிறவனுக்குத் தானாகப் புரிந்துவிடும். அவர்களுக்கு அப்படி விட முடியாது. அதிலும் ஆளுக்கு ஒரு வால். ‘அவர்கள்’ ஒருவரை ஒருவர் என்றால் தொய்சியான். ‘நாங்கள்’ என்றால் தொய்சியம்மெ. அதைச் சொல்லும்போது துரைசாணி தன்னையும், லம்பத்தில் இருந்த புருஷனின் திசையையும் மாறி மாறிக் காட்டினாள். மொட்டையாகத் தொய்ஸ்தா என்றால் மற்றவனை மட்டும்.

ஈயத்துக்கு விலை விழுந்து லம்பங்களை மூடினார்கள். துரையும் துரைசாணியும் கப்பலேறினார்கள். டொமினிக் தன் மனைவி ஜோசஃபினோடு கிள்ளானுக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவளுக்கு அங்கே தையல் வேலை கிடைத்தது. பிள்ளைகள் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போவார்கள், வருவார்கள். பின்லாந்து பாஷை அய்யாவுக்குச் சிரிப்பு மூட்டும் விஷயமாகச் சுருங்கிப் போனது.

முப்பத்து நாலாம் வருஷம் மழை தொடங்கியபோது, துறைமுகத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார மாலுமியைக் கொண்டுவந்து அவருடைய வார்டில் போட்டார்கள். கடுமையான காய்ச்சல். கண் மஞ்சள் பூத்து, உதடு வெடித்து, என்னவோ முனகிக்கொண்டிருந்தான். வார்டில் மருந்து பார்க்கும் டிரெஸ்ஸர் இங்கிலீஷில் கேட்டுப் பார்த்துக் கையை விரித்தார். டொமினிக் தலையணை மாற்றக் குனிந்தபோது அந்த முனகலில் ‘வெத்தா’ என்று ஒன்று காதில் விழுந்தது. வெசி என்பதன் வால் மாறிய உருவம். தண்ணீர் கேட்கிறான்.

டொமினிக் தண்ணீரைப் புகட்டிவிட்டு, “பின்லாந்தா?” என்று அவன் பாஷையில் கேட்டார். அந்த மாலுமி விழித்துப் பார்த்தான். கறுத்த முகம், வெள்ளை உடுப்பு, வாயில் தன் அம்மா பேசிய பாஷை. கனவு என்றுதான் நினைத்திருப்பான். டொமினிக்கின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெயர் தாவெத்தி என்றான்.

அவன் கதை போலீஸ் வந்த பிறகு, பல பேர் சொன்னதைச் சேர்த்துத்தான் முழுசாகத் தெரிந்தது. மூன்று பின்லாந்துக்காரர்கள் ஒரு நார்வே கப்பலில் வந்திருக்கிறார்கள். தாவெத்திக்குக் காய்ச்சல் கண்டதும் கப்பல் அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவனைத் தனியாக விட மனமில்லாமல் மற்ற இருவரும் இறங்கிக்கொண்டார்கள். ஒருவன் கல்லே, மற்றவன் எய்னோ. ஒரு சீனர் கடைக்கு மேல் அறை எடுத்துத் தங்கினார்கள். வேறொரு கப்பலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கல்லே புறப்பட நின்றான். ‘இவனை இப்படியே போட்டுவிட்டா?’ என்று எய்னோ மறித்தான். பேச்சு முற்றியது. கடைக்காரர் மாடியில் தடால் தடால் என்று சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தபோது கல்லே மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். காலொடிந்த முக்காலி எய்னோவின் கையில். தாவெத்தி மூலையில் பாயில் படுத்திருந்தான்.

எய்னோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தாவெத்தியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பார்த்த சாட்சி என்றால் தாவெத்தி ஒருவன்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மறுநாள் பிற்பகல் தாவெத்தி பேசினான். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வார்டின் தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி மழை. டொமினிக் அவன் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாவெத்தி சட்டென்று கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். டொமினிக் காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “...லொய் தொய்...” என்று விழுந்தது. லொய் என்றால் அடித்தல். அவன் அடித்தான் என்றாலும் லொய்தான், பேச்சுவழக்கில் அவர்கள் அடித்தார்கள் என்றாலும் லொய்தான். முன்னால் வந்த ‘அவன்’, ‘அவர்கள்’ மழையில் போயிற்று. பின்னால் வந்த வாலும் மழையில் போயிற்று.

“மிதா? என்ன சொன்னே?” என்றார் டொமினிக். தாவெத்தி அவரைப் பார்த்தான். உதடு அசைந்தது. “வெத்தா” என்றான். தண்ணீர் கொடுத்தார். மழை விடுவதற்குள் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது.

டிரெஸ்ஸர் வந்து, “என்ன டொமினிக், உன் ஆளு ஏதும் பேசினானா?” என்றார்.

“ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்கன்னு சொல்றான் போலங்க” என்றார் டொமினிக். வாயில் வந்ததைச் சொன்னார். அந்த நேரத்தில் அது அவருக்கு ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. இரண்டு மாலுமிகள், ஓர் அறை, சண்டை என்றால் அடித்துக்கொள்ளாமல் வேறென்ன?

டிரெஸ்ஸர் போலீசுக்குச் சொல்லியனுப்பினார். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். தாவெத்தி கண் திறக்கவே இல்லை. அடுத்த நாள் காலை போய்விட்டான். டொமினிக்தான் கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்டினார்.

பின்லாந்து பாஷை தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று போலீஸ் எங்கெங்கோ விசாரித்தது. ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் எய்னோவிடம் பேசவும் டொமினிக்கையே கூட்டிக்கொண்டு போனார்கள்.

லாக்கப்பில் எய்னோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வயசு இருபத்தைந்து இருக்கும். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. டொமினிக் கம்பிக்கு வெளியே நின்று, தனக்குத் தெரிந்த வணக்கத்தைச் சொன்னதும் அவன் எழுந்து வந்து முதலில் கேட்டது தாவெத்தியைப் பற்றித்தான். செத்துப் போனான் என்பதற்கு டொமினிக்கிடம் சொல் இருந்தது. கோழி செத்துப் போனது என்று துரைசாணியிடம் சொன்ன சொல். அதையே சொன்னார். எய்னோ கம்பியைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

நடந்ததைக் கேட்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எய்னோ மளமளவென்று பேசினான். டொமினிக்குக்குப் பாதி புரியவில்லை. சமையற்கட்டில் கற்ற பாஷையில் உருளைக்கிழங்கு இருந்தது, துடைப்பம் இருந்தது, அடுப்புக்குக் கட்டை போடு என்பது இருந்தது. ஆத்திரம், சத்தியம், வேண்டுமென்றே செய்யவில்லை என்பதெல்லாம் அதில் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது: “மே லியொத்தீன் தொய்சியம்மெ.” நாங்கள் ஒருவரை ஒருவர் அடித்தோம். வால் சுத்தமாகக் கேட்டது.

“ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம்னு சொல்றான் துரை.”

“அவன் அப்படித்தான் சொல்வான்” என்றார் இன்ஸ்பெக்டர். “செத்துப்போனவன் உன்கிட்ட என்ன சொன்னான்? அதுதான் வேணும்.”

முன்பு டிரெஸ்ஸரிடம் அவ்வளவு லேசாகச் சொன்னதை இப்போது சொல்லப் போனால், கூரையில் மழை பெய்கிற சத்தம்தான் காதில் கேட்டது. “அதேதான் சொன்னான்னு நினைக்கிறேன் துரை” என்று எப்படியோ சொல்லிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அந்தச் சொல் அவரை விடவில்லை. தரை கழுவும்போது தொய்சியான் என்று கேட்கும். சரிதான், அப்படித்தான் சொன்னான் என்று மனசு ஆறும். சாப்பிட உட்கார்ந்தால் தொய்ஸ்தா என்று கேட்கும். அவன் மற்றவனை அடித்தான். சோறு இறங்காது. எதைக் கேட்டோம், எதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம் என்று பிரித்துப் பார்க்கப் பார்க்க இரண்டும் ஒன்றாகக் கலந்து போயிற்று.

எய்னோவுக்காகச் சர்க்கார் நியமித்த வக்கீல் ஒரு இளம் வெள்ளைக்காரர். அவர் ஆஸ்பத்திரிக்கே வந்து டொமினிக்கைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் அடித்தார்கள் என்று செத்தவன் சொன்னது நிலைத்தால், கொலை இல்லை, சண்டையில் வந்த சாவு என்று வாதாடலாம். அது இல்லாவிட்டால் தூக்குதான் என்றார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார்.

வீட்டில் ஜோசஃபின், “என்னங்க யோசனை இதுல? அடிச்சுக்கிட்டாங்கன்னே சொல்லிட்டு வாங்க. ஒரு உசுருங்க” என்றாள்.

“வேதபுஸ்தகத்து மேல கை வைக்கச் சொல்வாங்க ஜோசி.”

“பொய்யா சொல்லப் போறீங்க? உங்களுக்கே அப்படித்தானே கேட்டுச்சு?”

“கேட்டுச்சான்னுதான் தெரியல.”

“கேக்கலேன்னும் தெரியலையில்ல? அப்ப நல்லதையே சொல்லுங்களேன்.”

அவள் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை என்றே அவருக்கும் பட்டது. சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டார். கோலாலம்பூருக்கு ரயில் ஏறும்போது அதில் உறுதியாகத்தான் இருந்தார்.

பெரிய கோர்ட்டில் நீதிபதியும், அவருக்குப் பக்கத்தில் தீர்ப்புக்குக் கருத்துச் சொல்லும் அசெசர்கள் என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டொமினிக்கின் இங்கிலீஷ் அந்த இடத்துக்குப் போதாது என்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் நாகையாவை நிறுத்தியிருந்தார்கள். நரைத்த மீசை, கோட்டு, நிதானமான ஆள். எய்னோவின் பேச்சு டொமினிக் வழியாகத் தமிழாகும், தமிழ் நாகையா வழியாக இங்கிலீஷாகும். கூண்டில் நின்ற எய்னோ இரண்டு பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் கேள்விகளை எய்னோவின் வக்கீல் கேட்டார். டொமினிக் சத்தியம் செய்த கையை இன்னும் மடக்காமலே, “ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னான்” என்றார். நாகையா அதை இங்கிலீஷில் சொன்னார். வக்கீல் தலையசைத்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று டொமினிக் நினைத்தார்.

சர்க்கார் தரப்பு வக்கீல் எழுந்தார். வயசானவர், குரலை உயர்த்தாதவர். “ஒருவரை ஒருவர் என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன சொல்?”

“தொய்சியான்.”

“மற்றவனை என்பதற்கு?”

“தொய்ஸ்தா.”

“இன்னொரு தரம் இரண்டையும் சொல்லுங்கள்.”

சொன்னார். கோர்ட்டில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். இரண்டுக்கும் அந்தக் காதுகளில் வித்தியாசமே தெரிந்திருக்காது.

“அன்றைக்கு வார்டில் மழை பெய்ததா?”

“பெஞ்சுது.”

“அவன் சொன்னது இந்த இரண்டில் எது?”

டொமினிக் எய்னோவைப் பார்த்தார். வீக்கம் வடிந்து இப்போது இரண்டு கண்ணும் திறந்திருந்தன. தொய்சியான், தொய்ஸ்தா என்ற இரண்டு சொல்லும் கோர்ட்டில் அவனுக்கு நேராகப் புரிந்தவை. அவன் லேசாக முன்னால் சாய்ந்தான். முதல் சொல்லைச் சொன்னால் போதும். நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது.

“முதல் பாதிதான் கேட்டுச்சுங்க” என்றார் டொமினிக். தன் குரலா அது என்று இருந்தது. “தொய் வரைக்கும் கேட்டுச்சு. மீதி மழையில கேக்கல. தொய்சியான்னுதான் நினைக்கிறேன்.”

நாகையா உடனே மொழிபெயர்க்கவில்லை. அவர் பக்கம் குனிந்து தணிந்த குரலில், “நினைக்கிறீங்களா, கேட்டீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. நான் சொல்லிட்டா சொன்னதுதான்” என்றார்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“நினைக்கிறேங்க” என்றார் டொமினிக்.

சாட்சி கேட்டதைச் சொல்லலாம், நினைத்ததைச் சொல்ல முடியாது என்று நீதிபதி தாவெத்தியின் பேச்சை அப்படியே ஒதுக்கிவிட்டார். அசெசர்கள் இரண்டு பேரும் குற்றவாளி என்றார்கள். தூக்கு என்பதை நாகையா தமிழில் சொல்ல, அதை எய்னோவிடம் சொல்ல வேண்டியவர் டொமினிக். அவருக்கு அந்தச் சொல் தெரியாது. துணியைக் கொடியில் தொங்கவிடு என்று துரைசாணி சொல்லிக்கொடுத்த சொல் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல வாய் வராமல், தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியார் பிரெஞ்சுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ பொய் சொன்னாயா?” என்றார்.

“இல்லை சாமி.”

“அவன் சாக வேண்டும் என்று நினைத்தாயா?”

“ஐயோ, இல்லை சாமி.”

“பின்னே எந்தப் பாவத்தைச் சொல்ல வந்தாய்?”

உண்மைக்குப் பயந்து அப்படிச் சொன்னாரா, பேனாவை வைத்துவிட்டுப் பார்த்த நீதிபதிக்குப் பயந்து சொன்னாரா என்று டொமினிக்குக்கே தெரியவில்லை. பாவம் இல்லாததற்கு மன்னிப்பும் இல்லை. செபம் சொல்லச் சொல்லி சாமியார் அனுப்பிவிட்டார்.

வக்கீல் விடாமல் கருணை மனு போட்டார். கல்லேயின் முகத்தில் இருந்த காயமும் எய்னோவின் கண் வீக்கமும் கடைசியில் எங்கோ எடுபட்டிருக்க வேண்டும். தூக்கைக் குறைத்து நீண்ட சிறைவாசமாக்கினார்கள். செய்தி வந்த அன்று ஜோசஃபின் மெழுகுவர்த்தி ஏற்றினாள். “பாத்தீங்களா, சர்வேசுரன் கைவிடல” என்றாள். டொமினிக் தலையாட்டினார். ஆனாலும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கவில்லை.

சிறையில் எய்னோவோடு பேச வேறு ஆள் இல்லாததால், டொமினிக் வந்து பார்க்க அனுமதி கிடைத்தது. விடுப்பு கிடைக்கிறபோதெல்லாம் ரயிலேறிப் போனார். கம்பிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவன். ரொட்டி நன்றாக இருக்கிறதா, குளிர்கிறதா, தண்ணீர் சூடாக இருக்கிறதா. இதைத் தாண்டி அவர் பாஷை போகவில்லை. தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க ஒரு சொல் இருந்திருக்கும், துரைசாணி அதைச் சொல்லித்தரவில்லை. சமையற்கட்டில் அதற்குத் தேவை வரவில்லை. தட்டு கை தவறி உடைந்தால் அவள் சிரிப்பாள், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வருஷத்தில் எய்னோ வார்டர்களிடமும் கைதிகளிடமும் பழகி மலாய் பேச ஆரம்பித்தான். டொமினிக்கை ‘பாங்’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான். அவனுடைய மலாய் அவருடைய மலாயை விட நன்றாக ஆகிவிட்டது. அப்புறம் அவர்கள் அந்தப் பாஷையிலேயே பேசினார்கள்.

ஒரு காலை, மனசைத் திடப்படுத்திக்கொண்டு டொமினிக் சொன்னார். “நான் கோர்ட்ல முழுசாச் சொல்லியிருந்தா நீ இங்க இருக்க மாட்டே. எனக்கு வால் கேக்கல. மழை. அதனாலதான்.”

எய்னோவின் உடம்பு இளைத்திருந்தது, இடையிடையே இருமல் வந்தது.

“பாங், தாவெத்தி அன்னைக்கு ஒண்ணும் பாக்கல. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எங்க இருக்கோம்னே அவனுக்குத் தெரியாது.”

“அப்ப என்கிட்ட அடிச்சாங்கன்னு சொன்னானே?”

“காய்ச்சல் வந்ததுலேருந்து அவன் அண்ணன்மாரைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தான். எங்க ஊர்ல உள்நாட்டுச் சண்டை நடந்த வருஷம் ஒருத்தன் ஒரு பக்கம், ஒருத்தன் மறு பக்கம். அவங்க அடிச்சுக்கிட்டாங்களோ, ஒருத்தன் இன்னொருத்தனை அடிச்சானோ, அதைச் சின்னப் பையனா இருந்து பாத்திருக்கான். கப்பல்லயும் தூக்கத்துல அதையே சொல்வான்.”

டொமினிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் சுமந்தது இவர்கள் சண்டைக்கான சாட்சியே இல்லையா? வேறு யாருடைய சண்டையோவா? அப்படியானால் சத்தியம், கோர்ட்டு, இரண்டு சொல், எல்லாம்? ஆறுதலாக இருக்க வேண்டிய இடத்தில் அவருக்குக் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது போல் ஆயிற்று.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“எப்படிச் சொல்றது? அப்ப எனக்கு மலாய் தெரியாது. உங்களுக்கு எங்க பாஷை இவ்வளவுதான் தெரியும்.” விரல் நுனியைக் காட்டினான். பிறகு, “அது மட்டும் இல்ல. நீங்க தொய்சியான்னு சொல்லிட்டா நான் பிழைச்சுக்குவேன்னு நானும்தானே காத்துக்கிட்டு இருந்தேன்” என்றான்.

டொமினிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“தா அப்பா, பாங்” என்றான் எய்னோ. பரவாயில்லை அண்ணே.

அது நிஜமாகவே பரவாயில்லையா, வேறு சொல்ல ஒன்றும் இல்லாததால் சொன்னதா என்று டொமினிக் கண்டுபிடிக்க முயலவில்லை. வார்டர் மணியடித்தார்.

முப்பத்தெட்டாம் வருஷம் எய்னோவுக்கு இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது. டொமினிக் அதை ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் பார்த்தவர். அடுத்து என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் அப்பாவும் அப்படிப் போனவர்தான். சிறை டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் காத்திருந்து கேட்டார். அட்டெண்டன் கேட்டு டாக்டர் வருவாரா? முட்டையும் பாலும் வாங்கிக்கொண்டு போனார். உள்ளே விடவில்லை.

தவக்காலம் முடிந்து, ஈஸ்டருக்குப் பிறகு போனபோது வார்டர் மாறியிருந்தார். புது ஆள் தமிழர்தான். “அந்த வெள்ளக்காரனா? இங்க இல்லயே. கொண்டு போயிட்டாங்கண்ணே.”

“எங்கண்ணே கொண்டு போனாங்க?”

“சிங்கப்பூருன்னாங்க. அவன் ஊர் ஆளுங்க யாரோ கேட்டு, கப்பல்ல ஏத்தப் போறாங்கன்னும் ஒரு பேச்சு. இல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான்னும் சொல்றாங்க. எனக்கு சரியாத் தெரியாது.”

“யாரைக் கேட்டா தெரியும்?”

“யாரும் சொல்ல மாட்டாங்கண்ணே. நீங்க அவனுக்கு என்ன வேணும்?”

டொமினிக் அதற்கு ஒரு பதில் யோசித்தார். எந்த உறவையும் சொல்ல முடியவில்லை. “தெரிஞ்சவன்” என்றார்.

பிற்பகல் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினார். ஜோசஃபின் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

“என்ன ஆச்சுங்க?”

“அனுப்பிட்டாங்களாம்.”

“நல்லதுக்கா, கெட்டதுக்கா?”

“தெரியல ஜோசி.”

அவள் உள்ளே போய்ச் சோற்றுப் பானையை இறக்கும் சத்தம் கேட்டது. அவர் கால் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தார். மாலை வேலைக்கு அய்யாவு வந்து வெளியே நின்று, “அண்ணே, போலாமா?” என்று குரல் கொடுத்தான். “சாப்பிட்டுட்டு வரேன்” என்றார் டொமினிக்.